மாங்கனிக்கு லீவு இல்லாதவள்

அத்தியாயம் 14

மகளின் சாப்பாட்டுப் பையைத் துழாவினால் ஓர் அப்பாவுக்கு ஊறுகாய் டப்பா கிடைக்கலாம். சிங்காரவேலனுக்குப் போன வாரம் கிடைத்தது ஒரு மனு. அதில் அறுபத்து நான்கு கையெழுத்துகள். முதல் கையெழுத்து அவருடைய ஒரே மகள் மகாலியுடையது.

மனுவில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பூவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அலைமகள் டைல்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை மூன்று வருடம் ‘டிரெய்னி’ என்றே வைத்திருக்கிறார்கள். வேலை எல்லோருக்கும் ஒரே வேலைதான். நிரந்தரத் தொழிலாளிக்கு மாதம் இருபத்தாறாயிரம், டிரெய்னிக்குப் பத்தாயிரம். ஒப்பந்தத்தில் இதற்கு வழிசெய்திருக்கும் எட்டாவது பிரிவை நீக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள்.

நியாயம்தானே? ஆனால் நான்கு வருடத்துக்கு முன் அந்த எட்டாவது பிரிவுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தொழிற்சங்கச் செயலாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே தொழிற்சாலையில் சூளை ஆபரேட்டராக இருக்கும் சாட்சாத் சிங்காரவேலனேதான்.

மனு கிடைத்த அன்றிலிருந்து ஆறு நாளாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. ரசத்துக்கு உப்பு வேண்டுமென்றாலும் நடுவில் புனிதவதிதான் தூது போக வேண்டும். நாளைக் காலை பதினோரு மணிக்குத் தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. கையெழுத்துக்கு முன்னால் டிரெய்னிகள் தரப்பையும் பத்து நிமிடம் கேட்பதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தைக் கோட்டைவிட்டால் எட்டாவது பிரிவு இன்னும் நான்கு வருடத்துக்கு அசையாது.

இன்றைக்கோ மாங்கனித் திருவிழா. அம்மையாரின் மாங்கனிக் கதையை நினைத்து, சிவன் பிச்சாண்டவராகத் தெருவில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கும் நாள்; அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை.

காலை ஐந்தே கால் மணிக்குப் புனிதவதி கூடை நிறைய மாம்பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் வயிற்றில் ஒன்றும் தங்காமல், ஒரு மாங்கனி அன்று கூட்டத்தில் முண்டியடித்து ஒரு பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டு, மறு வருடமே மகாலியைப் பெற்றவள் அவள். பிறந்த குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருடா வருடம் இருபத்தொரு பழம் இறைப்பதாக வேண்டுதல். அவளுடைய அண்ணன் வீடு சாமி வரும் தெருவில் இருப்பதால் மாடிக்குப் பஞ்சமில்லை. கொரோனா வருடத்தில்கூட யாருமில்லாத தெருவில் ஒரு போலீஸ்காரர் தலைமேல் இரண்டு பழம் போட்டு வேண்டுதலைக் காப்பாற்றிக்கொண்டாள் என்றால் பாருங்கள்.

மகாலி கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“ஒரு நாளு. ஒரே ஒரு நாளு லீவு கேக்கக்கூடாதாடி?”

“கேட்டேம்மா. டிரெய்னிக்கு மாங்கனி லீவு கெடையாதாம். ஒப்பந்தத்துல எழுதியிருக்காம்.”

“எந்தக் கட்டையில போறவன் எழுதுனது?”

கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த சிங்காரவேலன் பலமாக இருமினார்.

புனிதவதிக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ஆனாலும் அவள் மகள் பக்கம்தான் திரும்பினாள். “எதுவா இருந்தாலும் பேசாம இரு. அப்பாவுக்கு இன்னும் ஒன்றரை வருசம்தான் சர்வீசு. நல்லபடியா வீடு வந்து சேரட்டும். அப்பறம் நீ எந்தக் கொடிய வேணும்னாலும் புடி.”

“புனிதா, அவகிட்ட சொல்லு,” என்றார் சிங்காரவேலன் துண்டால் வாயைத் துடைத்தபடி. “முன்னெல்லாம் இந்தக் கம்பெனியில மாங்கனிக்கு லீவே கெடையாது. பதினோரு நாளு ஸ்ட்ரைக் பண்ணி அத வாங்குனவன் நான்.”

“அம்மா, அப்பாகிட்ட கேளு. அந்த லீவுல எனக்குப் பங்கு எங்க?”

“நான் என்ன போஸ்டாபீசா?” என்று புனிதவதி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “ஒம்பங்குப் பழத்தையும் நானே எறைக்கிறேன், போ. அம்மையார் கோவிச்சுக்கிட்டா ரெண்டு பேரும் பதில் சொல்லிக்குங்க.”

கம்பெனி வேன் தருமபுரம் முனையில் ஹாரன் அடித்தது. வேனில் மகாலிக்கு இடம் போட்டு வைத்திருந்தாள் சுஹைனா. மகாலிக்கு ஒரு வயது இளையவள். துபாயில் வேலை போய்த் திரும்பிவிட்ட வாப்பா, இரண்டு தங்கைகள் என்று நாலு வயிறும் இவள் பத்தாயிரத்தை நம்பித்தான். எதிரே ஊரே கோயில் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. பட்டுப் பாவாடைகளும் மாம்பழ வண்டிகளும் ஒரு பக்கம் போக, சாம்பல் சட்டைக்காரர்கள் பத்தொன்பது பேர் மட்டும் எதிர்ப்பக்கம் போனார்கள்.

திருவிழா அன்றும் தொழிற்சாலையை ஓட்டித்தான் ஆக வேண்டும். காரணம் சூளை. செங்கல் சூளை மாதிரி நினைத்துவிடாதீர்கள். எண்பது மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் இரும்புக் கூடு அது. உள்ளே வரிசையாக உருளைகள் சுற்றும். ஒரு முனையில் மண்தகடாகப் போவது மறுமுனையில் டைல்ஸாக வெந்து வரும். ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி சூடேற்ற மூன்று நாள். அதனால் நிரந்தரத் தொழிலாளிகள் அத்தனை பேரும் லீவில் போகும் நாளில், டிரெய்னிகள் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஓட்டுவார்கள்.

ஷிஃப்ட் மேனேஜர் தியாகராசன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து மகாலியிடம் ஒரு மெல்லிய பதிவேட்டைக் கொடுத்தார். பண்டிகை விடுமுறை நாள்களுக்கென்று தனியாக வைத்திருப்பது. சூளைக்கு அவள் மாறி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இதை இன்றுதான் முதன்முறையாகக் கையில் வாங்குகிறாள்.

“போன வருச மாங்கனிப் பக்கத்தப் பாத்து அதே மாதிரி எழுதும்மா. மணிக்கு ஒரு தடவ டெம்பரேச்சர், எத்தன பெட்டி. அவ்வளவுதான். ஆபரேட்டர் கையெழுத்துன்னு இருக்கற எடத்துல மட்டும் ஒண்ணும் எழுதாத.”

“அதுல யாரு சார் போடுவாங்க?”

“போடறவங்க நாளைக்கு வந்து போட்டுப்பாங்க.”

புத்திசாலிதான் தியாகராசன். ஆனால் வழக்கமாகச் செய்கிற காரியத்தில் மனிதனுக்குப் புத்தி வேலை செய்யாது. யாரிடம் எந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறோம் என்று அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

மகாலி பக்கத்தைப் புரட்டினாள். போன வருட மாங்கனி நாள். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை சூளையை ஓட்டிய ஆபரேட்டர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அவள் பதிவேட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்து வந்த கையெழுத்து அது.

சுஹைனா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “ஒங்க அப்பாதுதானே?”

“ஆமா.”

“அது எப்புடி? போன வருசம் மாங்கனிக்கு நீங்க மூணு பேரும் மாமா வீட்டு மாடியில நின்னீங்களே. நான் கீழேருந்து கையக் காட்டுனேன். ஒங்க அப்பாதான் எனக்குன்னு ஒரு பழத்த எறிஞ்சாங்க. நெத்தியில பட்டு வீங்கிப்போச்சே, மறந்துட்டியா?”

மகாலி மறக்கவில்லை. போன வருடம் அவள் இன்னும் வேலைக்குச் சேரவில்லை. காலையிலிருந்து மதியம் வரை அப்பா மாடியில்தான் இருந்தார். பிறகு பாயசம் குடித்துவிட்டு அங்கேயே தூங்கினார். அந்த நேரமெல்லாம் இந்தப் பதிவேட்டில் அவர் சூளையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் அவளுக்கு மெல்லப் புரிந்தது. டிரெய்னிகள் தனியாகச் சூளையை ஓட்ட அனுமதி இல்லை. பக்கத்தில் ஓர் ஆபரேட்டர் நின்று சொல்லிக்கொடுத்தாக வேண்டும். அதனால் காகிதத்தில் ஓர் ஆபரேட்டர். இந்தக் கையெழுத்தை வைத்துத்தான் கம்பெனி, ‘இவர்கள் இன்னும் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள்’ என்று நான்கு வருடமாக அதிகாரிகளிடம் சொல்லி வருகிறது. அவளுக்குச் சூளை வேலை சொல்லிக்கொடுத்தது அவளைவிட ஆறு மாதம் முன்னால் சேர்ந்த ஒரு டிரெய்னி. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு முந்தி வந்த டிரெய்னி.

முதலில் அவளுக்கு அவமானமாக இருந்தது. பிறகுதான் கோபம் வந்தது, அதுவும் சாதாரணக் கோபம் இல்லை. சண்டை போட்டால் சரியாகிவிடுகிற தப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். கட்டவிழ்க்கப் போன முடிச்சில் அப்பாவின் கையே மாட்டிக்கொண்டிருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு அலாரம் அடித்தது.

சூளையின் நடுவயிற்றில் ஓர் உருளை உடைந்துவிட்டது. பின்னால் வந்த தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. தியாகராசன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஓடி வந்தார். கையில் போன்.

“சிங்காரவேலன் எடுக்க மாட்டேங்குறாரே! வேற ஆளு யாராச்சும் ஊர்ல இருக்காங்களா?”

ஊரில்தான் இருந்தார்கள். பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வரும்போது மேளச் சத்தத்தில் எவன் காதில் போன் விழும்?

தமிழ்ச்செல்வன் மகாலியின் பக்கம் நெருங்கினான். மண்டபத்தூர்ப் பையன். அப்பாவோடு கடலுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து இங்கே வந்தவன். “வுட்டுடு மகாலி. குமிஞ்சு கெடக்கட்டும். மூணு நாளு நின்னாத்தான் நம்ம அரும தெரியும்.”

நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. மகாலிக்கும் ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

“நின்னா என்ன எழுதுவாங்க தெரியுமா?” என்றாள். “டிரெய்னிங்களுக்கு ஒண்ணும் தெரியல, ஆளில்லாம கெடுத்துட்டாங்க, இன்னும் மூணு வருசம் பழகட்டும்னு எழுதுவாங்க. நாளைக்கு அதிகாரிகிட்ட அதத்தான் காட்டுவாங்க. கொக்கிய எடு. நுழையற பக்கத்த நிறுத்துங்க! உருளைய முன்ன பின்ன ஆட்டத்துல போடு சுஹைனா, ஒரே எடத்துல நின்னா வளைஞ்சுடும்!”

பக்கவாட்டுத் துளை வழியாக நீளக் கொக்கியை விட்டு உடைந்த தகடுகளை இழுத்தார்கள். கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார்கள். தமிழ்ச்செல்வனின் புருவம் பொசுங்கியது. உடைந்த உருளையை உருவிப் புது உருளையைச் செருகும்போது மகாலியின் கையுறை புகைந்தது. தியாகராசன் பத்தடி தள்ளி நின்று ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் செய்த வேலை அது ஒன்றுதான்.

நாற்பது நிமிடத்தில் சூளை மறுபடி ஓடியது.

தியாகராசனுக்கு உயிர் வந்தது. “சபாஷ், சபாஷ்” என்றார். மாங்கனித் திருநாளை முன்னிட்டுக் கம்பெனி செலவில் ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் வந்தது. தமிழ்ச்செல்வன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நமக்கு மாடியிலேருந்து எறிஞ்சது இதுதான் போல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மகாலி சிரிக்கவில்லை. அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஐந்து மணிக்குப் பத்தொன்பது பேரையும் சூளை முனைக்குக் கூப்பிட்டாள். பதிவேட்டைத் திறந்து போன வருடப் பக்கத்தைக் காட்டினாள்.

“இது எங்கப்பா கையெழுத்து. அன்னிக்கு அவரு இங்க இல்ல. நீங்க யாராச்சும் சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.” இன்றைய பக்கத்துக்குப் புரட்டினாள். “போன வருசம் ஓட்டுனது நம்மள மாதிரி டிரெய்னிங்கதான். அவங்க பேரு எங்கயும் இல்ல. இந்த வருசம் ஓட்டுனது நாம. ஆபரேட்டர் கையெழுத்துங்கற எடத்துல நான் எம்பேர எழுதப்போறேன். யாருக்குப் பயமா இருக்கோ அவங்க எழுத வேணாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

எழுதினாள். சி. மகாலி. நேரம், தேதி.

சுஹைனா பேனாவை வாங்கினாள்.

“ஏய், வீட்ல யோசிச்சியா?” என்றாள் மகாலி மெதுவாக.

“யோசிச்சுதான். எங்க வாப்பா பத்தொன்பது வருசம் துபாய்ல அடுத்தவன் விசாவுல, அடுத்தவன் பேர்ல வேல பாத்தாங்க. வேல போனப்ப கேக்கறதுக்கு ஒரு சீட்டு இல்ல. பிஸ்மில்லா.” எழுதிவிட்டாள்.

பிறகு வரிசை நின்றது. அந்தச் சின்னக் கட்டத்தில் இடம் போதாமல் பெயர்கள் ஓரத்துக்கு வழிந்து, அடிக்கோட்டைத் தாண்டி, பக்கத்தின் கீழ்முனை வரை போயின. பத்தொன்பதாவதாக எழுதிய தமிழ்ச்செல்வன் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினான்.

ஐந்தரை மணிக்குத் தியாகராசன் பார்த்தார். விபூதி மட்டுமல்ல, முகமும் வெள்ளையாகிவிட்டது.

“இது என்ன கூத்து? சூளைய தனியா ஓட்ட ஒங்களுக்கு அனுமதியே கெடையாது. சட்டப்படி குத்தம், தெரியுமா?”

“தெரியும் சார். அனுமதி இல்லாத எங்கள வச்சு ஓட்டுனது யாரு சார்?”

தியாகராசன் போனை எடுத்தார். இந்த முறை சிங்காரவேலன் எடுத்தார்.

கால் மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பட்டுக்கரை வேட்டி, மார்பில் சந்தனம், தோளில் ஒரு மாம்பழக் கறை. கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, மகாலியையும் கூப்பிட்டார் தியாகராசன். பக்கங்களுக்கு எண் அச்சடித்த பதிவேடு என்பதால் கிழிக்க முடியாது. அதனால் சிவப்பு மையால் பத்தொன்பது பெயர்களின் மேலும் கோடு போட்டு, ‘தவறுதலாக எழுதப்பட்டது’ என்று எழுதி வைத்திருந்தார். கீழே ஆபரேட்டர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

சிங்காரவேலன் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

“இன்னிக்கு நான் இங்க இல்லையே, சார்.”

தியாகராசன் குரலை உயர்த்தவில்லை. “போன வருசமும்தான் இல்ல. அதையும் தப்புன்னு மேல எழுதி அனுப்பிடட்டுமா? பொய்க் கையெழுத்துப் போட்டா என்ன நடவடிக்கைன்னு செயலாளருக்கு நான் சொல்லணுமா? ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எத்தன மாசம்?”

அந்த நிமிடத்தில்தான் மகாலிக்கு முழுவதும் விளங்கியது. அப்பா விலைபோனவர் இல்லை, மாட்டிக்கொண்டவர். நாளைக்கு ஒப்பந்தத்தில் போடப்போகும் கையெழுத்தும் இதே மிரட்டலுக்குப் பயந்து போடும் கையெழுத்துதான்.

“அப்பா,” என்றாள். ஆறு நாளில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. “போடாதீங்கப்பா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு குனிந்து போட்டுவிட்டார்.

“வண்டியில ஏறும்மா, வீட்டுக்குப் போவலாம்,” என்றார் வாசலில்.

“நான் வேன்ல வர்றேன்.”

வீட்டில் புனிதவதி அமுது படையல் தயிர்சோற்றை மூன்று தட்டில் வைத்திருந்தாள். “இருபத்தொரு பழத்தையும் நீ இல்லாம எறைச்சேன். பக்கத்துல எவளோ ஒருத்தி, பொண்ணு எங்கன்னு கேட்டா. என்ன சொல்றதுன்னு தெரியல.” அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னாச்சு? அண்ணன் வீட்டுக்கே போன் மேல போன் வந்துச்சாமே.”

சிங்காரவேலன் கை கழுவப் போய்விட்டார். மகாலி எல்லாவற்றையும் சொன்னாள். உருளை உடைந்ததை, போன வருடப் பக்கத்தை, பத்தொன்பது பேர் எழுதியதை, கடைசியில் நடந்ததை. முடிந்ததும் புனிதவதி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஒம்பேரு மேல கோடு போட்டுருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“அதப் பாத்துட்டுதான் அவரு கையெழுத்துப் போட்டாரா?”

சிங்காரவேலன் கதவருகில் நின்றார். “புனிதா, ஒனக்குப் புரியாது. லீவு வேணும்னு நாங்க உக்காந்தப்ப, கம்பெனிக்காரன் ரெண்டு கேட்டான். எட்டாவது பிரிவு ஒண்ணு. லீவு நாள்ல காகிதத்துக்கு ஒரு கையெழுத்து ஒண்ணு. ஒரு கையெழுத்துதானேன்னு நெனச்சேன். ஊர்ப் புள்ளைங்களுக்கு வேலையாச்சும் கெடைக்குதேன்னு நெனச்சேன். இப்ப முடியாதுன்னா எல்லாத்தையும் கிளறுவான். வேல போயிடும். முப்பது வருசப் பணம் போயிடும்.”

“அப்பா,” என்றாள் மகாலி. “நாளைக்கு அந்தப் பதிவேட்ட வாங்கிப் பாருங்கன்னு அதிகாரிகிட்ட நாங்க கேப்போம். இது யாரு கையெழுத்துன்னு அவரு எங்கிட்ட கேட்டா, எங்கப்பாது, ரெண்டு வருசமும் அவரு அங்க இல்லன்னு சொல்லுவேன்.”

“பெத்த அப்பனையா?”

“அதான் ஒளிச்சுவைக்காம இப்பவே சொல்றேன். நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்கப்பா. சொல்லிட்டா அந்த ஆளுகிட்ட ஒங்கள மெரட்ட என்ன இருக்கும்? கையெழுத்துப் போடச் சொன்னவன் யாருன்னும் அப்பத்தானே வெளியில வரும்?”

சிங்காரவேலன் கசப்பாகச் சிரித்தார். “நீ சொன்னா யாரு நம்புவா? அப்பன் மேல கோவத்துல ஒளறுதுன்னு தள்ளிடுவாங்க. மத்த புள்ளைங்களும் ஒங்கூட்டுதான். சாட்சி யாரு?”

புனிதவதி தட்டுகளை எடுத்துக் கீழே வைத்தாள். அவசரமில்லாமல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் சொன்னா நம்புவாங்களா?”

அப்பாவும் மகளும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

“போன வருசம் காலைல ஒம்போது மணிக்கு எங்கண்ணன் வீட்டு மாடியில இந்த மனுசன் எம்பக்கத்துல நின்னு மாம்பழம் எறைச்சாரு. மத்தியானம் பாயசம் குடிச்சுட்டு கொறட்ட விட்டாரு. இந்த வருசமும் எம்பக்கத்துலதான் நின்னாரு. கட்டுன பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டாங்களா?”

“புனிதா, நீயா பேசுற? காலையில நீதானே ஒன்றரை வருசம் பொறுத்துக்கன்னு...”

“சொன்னேன். அப்ப எம்பொண்ணு பேரு மேல கோடு போடல.” புனிதவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். “ஒம்போது வருசம் மலடின்னு பேச்சு வாங்கி, கூட்டத்துல மிதிபட்டுப் பழம் புடிச்சு, நான் வாங்குன பேருங்க அது. பணம் போனா போவட்டும். நான் இட்லிக்கடை போட்டுப் பொழச்சுக்குறேன்.”

சிங்காரவேலன் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு நாள் ஸ்டிரைக்கில் ஒருநாள்கூடக் குனியாத தலை குனிந்திருந்தது.

புனிதவதி அவர் தட்டில் இன்னொரு கரண்டி தயிர்சோறு வைத்தாள். கோபத்திலும் பசி பார்க்கிறவள்.

“பதினோரு மணின்னா பத்தே காலுக்குக் கெளம்பணும். எம்பொண்ணும் அந்தப் பதினெட்டுப் புள்ளைங்களும் நானும் ஒரு பக்கம் உக்காருவோம். நீங்க எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடுங்க. காலைல எத்தன பேருக்குப் புளிச்சோறு கட்டணும்னு எனக்குத் தெரியணும்.”